ரத்தம் நம்முடையது, ஊசி யாருடையது?

தோல் நலத் தொடர் – 9

சிறுமலையில் எலுமிச்சை பறிப்பவர்கள், காப்பித் தோட்டத்தில் களையெடுப்பவர்கள் பலருக்குக் கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கும். மலைக்காற்று குளுகுளுவென்று வீசுவதால் வெயில் உறைப்பதில்லை. ஆனால் 1,000 மீட்டர் உயரம் கூடினால் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடும். மங்குக்கான களிம்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் திண்டுக்கல் வருபவர்கள் இப்போது வேறொன்று கேட்கிறார்கள்: "நம்ம ரத்தத்தையே எடுத்து முகத்துல ஊசி போடுறாங்களாமே, மங்கு போயிருமா?"

அவர்கள் கேட்பது பி.ஆர்.பி. சிகிச்சையை, அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. தட்டணு நமக்குப் புதிதில்லை. 2017 டெங்குக் காலத்தில் "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தத்தை உறையவைப்பதோடு, காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகளையும் அவை சுமக்கின்றன.

கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் விட்டு, இயந்திரத்தில் சுழற்றுவார்கள். வெளியே எடுத்தால் அடியில் கருஞ்சிவப்பு. அதன்மேல் நூல் பருமனில் ஒரு வெள்ளைப் படலம். அதற்கும் மேலே வெளிர் மஞ்சளாய்ப் பிளாஸ்மா. தட்டணு மிகுந்த பகுதியை மட்டும் உறிஞ்சி, மரப்புக் களிம்பு பூசிய முகத்தில் நுண்ணூசியால் ஏற்றுவார்கள். மாதம் ஒன்றாக மூன்று, நான்கு முறை.

பலன்? முடி உதிர்வுக்கும் பருத் தழும்புக்கும் ஓரளவு சான்று உண்டு. சுருக்கத்துக்கும் பொலிவுக்கும் நடந்த ஆய்வுகள் சிறியவை. சுழற்றும் வேகமும் நேரமும் கிளினிக்குக்குக் கிளினிக் மாறுவதால் ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியவில்லை. மங்குக்கு இது முதல் சிகிச்சையே அல்ல. சன்ஸ்கிரீனும் முக்காடும் இல்லாமல் மறுநாளே தோட்டத்துக்குப் போனால், கட்டிய பணம் வெயிலோடு போகும்.

"சொந்த ரத்தம்தானே, என்ன ஆகிவிடும்?" என்ற தைரியத்தைக் கண்டுதான் எனக்குப் பயம். 2013-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் ரத்தம் பூசிய முகத்தோடு படம் வெளியிட்ட பிறகு இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. 2018-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தைச் சோதித்தபோது, சமையலறைக் குளிர்பெட்டியில் சாப்பாட்டோடு, பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் இருந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியவற்றை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிவித்தது. நம் ஊரும் விலக்கில்லை: 2016-இல், சென்னை அழகு நிலையமொன்றில் முடிமாற்று செய்துகொண்ட மருத்துவ மாணவர் இறந்துபோனார். சிகிச்சை வேறு; இடம் அதே மாதிரி இடம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தட்டணு குறைந்தவர்களும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். செய்பவர் பதிவு பெற்ற தோல் மருத்துவரா, பதிவு எண் என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஊசியும் குழாயும் உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். குழாயில் உங்கள் பெயர் ஒட்டப்பட வேண்டும். அது நடக்கவில்லையென்றால், முன்பணம் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

(தொடரும்)