இலண்டனில் முதலாண்டும் வரவு செலவும்

எமது பழைய மாணவர் பலர் இன்று இலண்டன் மாநகரில் வாழ்கின்றனர். புதிதாகச் செல்லும் இளைஞரும் உளர். அவருட் சிலர் காணியை ஈடுவைத்துப் பெற்ற பணத்துடனேயே விமானம் ஏறுகின்றனர். ஆதலின் அங்கு வீணாகும் ஒவ்வொரு பவுணும் ஊரிலுள்ள பெற்றோரின் கடனோடு சேர்வதாகும். அந்நகரிற் சில காலம் வாழ்ந்து, தவறுகளும் செய்து, நாம் அறிந்தவற்றை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

முதலில் மனக்கணக்கைத் திருத்துதல் வேண்டும். புதியவர் எப்பொருளின் விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திகைப்பர். நாமும் ஒரு கோப்பைத் தேநீரின் விலையை அவ்வாறு பெருக்கிப் பார்த்து, தாகத்துடனே திரும்பியதுண்டு. பவுணில் உழைப்பவர் பவுணிலேயே எண்ணப் பழகவேண்டும். இப்பொருள் எத்தனை நிமிட உழைப்புக்கு ஈடாகும் என்பதே ஏற்ற அளவுகோல். பட்டப்படிப்புக்கென மாணவர் விசாவிற் செல்பவர் பாடத்தவணைக் காலத்திற் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. வருவாய்க்கு எல்லை உண்டாகவே, செலவையே நாம் சீர்செய்ய வேண்டியவராகின்றோம்.

வருவாயிற் பெரும்பங்கை விழுங்குவது வாடகை. 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேற்பட்ட வைப்புப் பணம் கேட்கலாகாது. வழமையான குத்தகையில் அப்பணத்தை 30 நாட்களுள் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றிற் பதிவு செய்தலும் வேண்டும். பற்றுச்சீட்டின்றிப் பணம் கொடாதீர்.

நாம் முதலில் நகரின் விளிம்பில் மலிவான அறையொன்றை எடுத்தோம். வாடகையில் மிஞ்சியதைப் புகையிரதம் கொண்டுசென்றது. புகையிரதக் கட்டணம் வலயங்களைக் கடக்கக் கடக்க ஏறும். சிவப்பு பஸ்ஸுக்கோ நகர் எங்கும் ஒரே கட்டணம். முதற்பயணம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துள் வேறு பஸ்ஸில் ஏறினும் மறுகட்டணம் இல்லை. நாட் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. எனினும் நாள் முழுவதும் ஒரே அட்டையையே பயன்படுத்தினாலன்றி அவ்வரம்பின் பயன் கிட்டாது. எனவே வாடகையையும் பயணச் செலவையும் கூட்டிப் பார்த்தே அறை தேடுதல் நன்று.

எமது ஊர்ச் சோலைவரியை ஒத்த கவுன்சில் வரியை அங்கே பெரும்பாலும் வீட்டிற் குடியிருப்பவரே செலுத்துவர். வளர்ந்தோர் ஒருவரே வாழும் வீட்டுக்கு 25 சதவீதக் கழிவு உண்டு. முழுநேர மாணவர் மட்டும் வாழும் வீட்டுக்கு வரியே இல்லை. ஆயினும் விண்ணப்பித்தாலன்றிச் சலுகை கிடைப்பது அரிது. எமது நண்பர் ஒருவர் தனித்து வாழ்ந்தும், இதனை அறியாது பல மாதம் முழுவரியும் செலுத்தினார்.

குளிர்காலச் செலவு மற்றொன்று. அக்காலத்திற் சென்ற எம்மவர், அறையிலிருந்த வாயு மீற்றரிற் சிலிங் நாணயம் இட்டுக் குளிர்காய்ந்தனர். 1971 இல் நாணய முறை மாறியது. முன்பணம் செலுத்தும் மீற்றர்கள் இன்றும் பல வீடுகளில் உள. அவற்றிற் பாவனைக் கட்டணத்துடன் நிலையான நாட்கட்டணமும் பொதுவாகச் சேரும். கோடையில் அடுப்பே மூட்டாதிருப்பினும் அது ஏறிக்கொண்டேயிருக்கும். எனவே கோடையிலும் மீற்றரிற் சிறிது பணம் இட்டுவைத்தல் வேண்டும்.

உணவிற் சிக்கனம் எளிது. அரிசி, பருப்பு, மரக்கறி முதலியவற்றுக்குப் பெறுமதி சேர் வரி இல்லை. கடையில் வாங்கும் சுடுசாப்பாட்டுக்கோ 20 சதவீதம் உண்டு. ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், ஹரோ ஆகிய இடங்களிலுள்ள தமிழ்க் கடைகளிற் பெரிய மூடையாக அரிசி வாங்கி, அறைத்தோழர் பகிர்ந்து சமைப்பின் செலவு வெகுவாகக் குறையும். முருங்கைக்காய்க்கு ஏங்குவோர் அதன் விமானச் செலவையும் தாமே கொடுப்பவராவர்.

இறுதியாக ஒன்று. பட்டினி கிடந்தும், தொலைபேசியிற் “சுகமாயிருக்கின்றேன்” என்று கூறும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அது சிக்கனமன்று. உண்மைக் கணக்கைப் பெற்றோருக்கு உரைத்தலே கடன் தீர்க்கும் வழியின் முதற்படி. அங்குள்ள பழைய மாணவரும், புதிதாய் வருபவரின் முதல் மாதக் கணக்கை அவருடன் ஒருமுறை அமர்ந்து பார்த்தல் வேண்டும். தாய்க்கல்லூரிக்குச் செய்யும் தொண்டுகளில் அதுவும் ஒன்றாகும்.