பாடு

'பாடு' என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் உழைப்பு என்றும் பொருள் கொள்வோம். தேர்வு முடிந்ததும் "படாத பாடு பட்டேன்" என்று நாமெல்லாம் சொல்வதுண்டு. ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒருவர் "இன்னிக்கு எனக்குப் பாடு" என்று சொன்னால் அவர் முகத்தில் மகிழ்ச்சியைத்தான் காணலாம். சென்ற பருவத்தில் ஒரு நாள், ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்ட பேராசிரியரிடம், "வீட்டில் பாடு, ஐயா" என்றேன். வீட்டில் ஏதோ கஷ்டம் போலும் என்று எண்ணி அவர் வருந்தினார். அன்று விளக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறு பகுதி தமிழகத்திலும் உள்ளது. பரப்பைப் பார்த்து ஆழத்தை எடை போட்டுவிடக் கூடாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்கும். கோடையிலோ சில இடங்களில் கடலைவிட உப்பு மிகுந்துவிடும். கடலுக்கும் ஏரிக்கும் உறவு முகத்துவாரம் ஒன்றே.

அந்த உறவால் வாழ்வது இறால். தாய் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றத்தில் ஏரிக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்பும். (விலங்கியல் செய்முறை வகுப்பில் இறாலின் துணை உறுப்புகளைப் பிரித்து அட்டையில் ஒட்டும்போது, இது எந்த வலையில் சிக்கியதோ என்று நினைத்துக்கொள்வேன்.) இரவில் தண்ணீர் வற்றும்போது நீரோட்டத்தோடு இறால் வெளியேறும். அந்த வழியில் கழிகளை ஊன்றிச் சுத்து வலை கட்டினால் இறால் தானே வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே. வலையோ நூற்றுக்கணக்கானவர்களிடம் உண்டு. எல்லாரும் ஒரே இரவில் அங்கே இறங்கினால் இறாலுக்குப் பதில் மண்டைதான் உடையும்.

ஆகவே முன்னோர் வகுத்த முறையே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த பட்டினவர்கள் இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரித்துக்கொண்டனர். ஊருக்குள் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். படகு பெரிதா, ஆள்பலம் உண்டா என்று சீட்டு பார்ப்பதில்லை. நடூரில் மாதா கோயில், மற்ற குப்பங்களில் அம்மன் கோயில். ஏரியில் மட்டும் கணக்கு ஒன்றே. இன்று கிடைத்த நல்ல இடம் நாளை இன்னொருவருக்குப் போய்விடும்.

இது எங்களுக்கே உரிய அதிசயம் என்று சிறு வயதில் எண்ணியிருந்தேன். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கழி ஊன்றி வலை கட்டுவோர் சங்கங்களாகச் சேர்ந்து சீட்டுக் குலுக்கியே இடம் பிரிக்கின்றனர். துருக்கியின் அலன்யாவில் செப்டம்பரில் சீட்டு எடுத்து, நாளுக்கு ஓரிடமாக வரிசையில் நகர்ந்து செல்கின்றனர். பொதுச் சொத்தை அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் காக்க முடியும் என்ற கருத்தை மறுத்த எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார், அலன்யாவைத் தம் 1990ஆம் ஆண்டு நூலில் சான்றாகக் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கணும்" என்றார்.

பெருமை பேசும்போது குறையையும் சொல்ல வேண்டும். பாடு ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்த ஆண்களுக்கே உரியது. இறால் ஏற்றுமதியாகி விலை ஏறியபின், பாடு இல்லாத குப்பத்தவரும் பங்கு கேட்டனர், சச்சரவும் வந்தது. ஏரி எல்லாருக்கும் பொது என்ற அவர்கள் வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. இன்னொரு கூட்டம் கேட்கவே இல்லை: இருளர் பெண்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமர்ந்தபடி கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். எந்தச் சீட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

இப்போது சீட்டு எடுத்தவருக்கும் கவலை வந்திருக்கிறது. கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. ஊரார் கூடி மண்வெட்டியால் வெட்டித் திறந்ததும் உண்டு. வாய் மூடிவிட்டால் குஞ்சு உள்ளே வராது; வளர்ந்தது வெளியே போகாது. பாடு இருந்தும் இறால் இராது.

சென்ற முறை நானும் நைனாவும் போனபோது வாய் பாதி அடைந்திருந்தது. ஓட்டமே இல்லை. விடிய விடியக் காத்திருந்து வலையைத் தூக்கினால் கூடையின் அடி நிறையவில்லை. நான் பேசாமல் கழி ஊன்றிக்கொண்டு வந்தேன். நைனா, "பக்கத்துப் பாட்டுக்காரனுக்கும் இதே கதைதான்டா" என்றார். அது ஆறுதலா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் அடுத்த பாட்டுக்கு வட்டம் போட்டார். அன்று விலங்கியல் செய்முறை வகுப்பு இருக்கிறது.