எழுதப்படாத சொத்து

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சொத்து என்றவுடன் நிலமும் நகையுமே நினைவுக்கு வருகின்றன. படிப்பறியாத எங்களைப் போன்ற குடும்பங்களில் சமையலும் பாட்டுமே தலைமுறை தாண்டி வரும் சொத்து.

இட்லிக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து என்பது என் பாட்டியின் கணக்கு. குளிர்காலத்தில் மாவுப் பானையை அடுப்பருகே வைப்பார். உளுந்துடன் வரும் லியூக்கோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர், மாவிலுள்ள சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அமிலம் புளிப்பூட்டுகிறது, வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. இதற்கு வெதுவெதுப்பு வேண்டும். பெயரறியாமலே பாட்டி அதனை வளர்த்து வந்திருக்கிறார்.

அடுத்தது தாலாட்டு. 'தால்' என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. மாமன் கொண்டு வரும் சீரை வரிசையாகச் சொல்லி, உறவுமுறையைக் குழந்தையின் காதில் ஏற்றுவது அதன் மரபு. பாட்டி தம் உடன்பிறந்தோரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே பாடுவார். பத்திரமோ பட்டாவோ இல்லாத எங்களுக்கு அதுவே வம்சாவளி.

சமையல் நாள்தோறும் நடப்பதால் அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. தாலாட்டோ பாட்டியோடு நிற்கிறது. அக்காள் குழந்தையைக் கைப்பேசிதான் தூங்க வைக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே அப்பாடல்களை எழுதி வருகிறேன். நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள்.