தஞ்சை அரும்பொருட்கூடமும் தமிழக அருங்காட்சியக வரலாறும்

தமிழக அருங்காட்சியக வரலாறு பெரும்பாலும் 1851இல் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகத்திலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு முன்னரே தஞ்சை அரண்மனையில் அரும்பொருட்கூடம் ஒன்று அமைந்திருந்தது.

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மன்னரும் மருத்துவரும் கிளிஞ்சல், கனிமம், பதப்படுத்திய விலங்குடல், கருவி முதலியவற்றை ஓரறையில் தொகுத்தனர். அருங்காட்சியகத்தின் முன்வடிவம் இதுவே. ஜெர்மனியின் ஹாலே நகரில் 1698இல் தோன்றிய கூடம் கல்விக்குரியது. தரங்கம்பாடி மறைப்பணியாளர் அனுப்பிய தமிழகப் பொருள்களும் அங்குச் சேர்ந்தன. அவர்களுள் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன்களை பெர்லினில் ஆராய்ந்த பிளாக், கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு ‘ஜானியஸ்’ என அவர் பெயரையே இட்டார்.

ஹாலேயில் பயின்று, 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிப் பின் தஞ்சை சென்ற சுவார்ட்ஸ், இரண்டாம் சரபோஜியின் (ஆட்சி 1798–1832) ஆசிரியர். இதுகொண்டு சரபோஜியின் தொகுப்பை ஐரோப்பியப் போலி என ஒதுக்குதல் பொருந்தாது. அவரிடம் காற்றுவாங்கி, மின்பொறி, வானியல் கருவிகள் ஆகியவற்றோடு யானைத்தந்தத்தில் செய்த மனித எலும்புக்கூடும் இருந்தது. பிணத்தின் எலும்பைத் தீண்டுதல் தீட்டாகக் கருதப்பட்ட அவையில் உடற்கூறு கற்கக் கண்ட வழி அது எனலாம். ஓலைச்சுவடிகளைத் தொகுத்த அதே ஆர்வமே இவற்றையும் தொகுத்தது. ஆயினும் சரபோஜி இன்று சரசுவதி மகால் நூலகத்தின் புரவலராகவே பெரிதும் பேசப்படுகிறார்.

வேறுபாடு பார்வையாளரில் உள்ளது. தஞ்சைக் கூடத்தைக் கண்டோர் மன்னரின் விருந்தினர்; சென்னையிலோ பொதுமக்கள் திரண்டனர், அதற்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயரும் வைத்தனர்.