நீர்க்காத்தான் குட்டி

தாமிரபரணிப் பாய்ச்சலில் கார் நடவு தொடங்கிக் கன்னடியன் கால்வாய் முதலியவற்றில் நீர் வந்ததும் தவளைகள் பெருகும். அவற்றைத் தேடி வரப்போரங்களில் ஒரு சிறு பாம்பு பகற்பொழுதிலேயே திரியும். இதுவே நீர்க்காத்தான் குட்டி. கட்டுவிரியனென்றோ நாகக்குட்டியென்றோ அஞ்சி இதனை மண்வெட்டியால் வெட்டிவிடுவோர் உளர். இதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது.

இது பெரும்பாலும் ஒன்றரை அடி நீளமிருக்கும். பழுப்பு நிற முதுகில் வெளிர்மஞ்சட் கோடுகள் இரண்டு வால்வரை நெடுக ஓடும். அவற்றைக் கருந்திட்டுகள் குறுக்கே வெட்டும். 1758-ஆம் ஆண்டில் இதற்கு லத்தீன் பெயரிட்ட ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ், ரோமானிய மாதரின் நீண்ட அங்கியைக் குறிக்கும் சொல்லையே தேர்ந்தெடுத்தார். அச்சுறுத்தினால் இது உடலை உப்பச்செய்யும். சில வேளைகளில் கழுத்தைச் சிறு படம்போல் தட்டையாக்கும். நாகக்குட்டி என்னும் மயக்கம் இதனால் நேர்வதே. பெட்டை மண்பொந்தில் முட்டையிட்டு, குஞ்சு பொரியும்வரை உடனிருக்கும்.

எலிகளை ஒழிக்குமென்று இதற்குப் பரிந்து பேசுதல் உண்மையாகாது. எலி பிடிப்பது சாரை. இதன் இரை பெரும்பாலும் தவளையே.

கட்டுவிரியனோ பளபளக்கும் கருநிறமுடையது. அதன் வெண்கோடுகள் குறுக்கே வளையங்களாக அமையும். இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைத் தீண்டும். வலி மிகாமையால் பலர் அசட்டை செய்து உயிரிழக்கின்றனர். ஆயினும் நெடுங்கோட்டை மாத்திரம் கண்டு எப்பாம்பையும் கையாற் பிடித்தல் தகாது. சுருட்டை விரியனின் விலாவிலும் நெளிகோடு நெடுகச் செல்லும். பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுதலும் கீறி உறிஞ்சுதலும் கூடா. கடியுண்ட அங்கத்தை அசைக்காது, மாற்றுமருந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதிலும் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஈடுபட்டிருப்பது அங்கத்தினர்க்கு மகிழ்ச்சி தரும். 1978-இல் தோன்றி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து, விஷமெடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நீர்க்காத்தான் குட்டிக்கு அங்கே அழைப்பில்லை.