பெயர் வைத்த துண்டு!

சலசல, படபட, கலகல... இவற்றை இரட்டைக்கிளவி என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள் குட்டீஸ். இந்த மாதிரி ஒரு சொல்லையே சாப்பாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள் ஜப்பானியர்கள். 'ஷாபு ஷாபு!'

மேஜை நடுவே அடுப்பு. அதன் மேல் பாத்திரம் நிறையத் தண்ணீர். அதில் 'கொம்பு' என்ற காய்ந்த கடற்பாசித் துண்டைப் போட்டுச் சூடாக்குவார்கள். (மாட்டுக்கொம்பு இல்லை, பயப்படாதீர்கள்!) கொதி வருவதற்குள் அதை எடுத்துவிடுவார்கள். பக்கத்துத் தட்டில் காகிதம் போல மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி, முட்டைகோஸ், காளான், டோஃபு என எல்லாம் பச்சையாக இருக்கும். சமைப்பது யார்? சாப்பிட உட்கார்ந்தவர்களேதான்!

ஒரு துண்டு இறைச்சியைக் குச்சிகளால் பிடித்து, கொதிநீரில் முக்கி, இப்படியும் அப்படியும் அலச வேண்டும். மெல்லிய துண்டு என்பதால் சில விநாடிகளில் வெந்துவிடும். சிவப்பு நிறம் முழுவதும் மாறியதும் எடுத்து, எள் குழம்பிலோ, புளிப்பான 'பொன்சு'விலோ தோய்த்துச் சாப்பிடுவார்கள். பேச்சு சுவாரசியத்தில் உள்ளேயே விட்டுவிட்டால் ரப்பர்தான்!

இதன் பூர்வீகம் சீனா. பீஜிங்கில் ஆட்டிறைச்சியை இப்படி அலசிச் சாப்பிடும் வழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜப்பானின் கியோட்டோ நகர உணவகம் ஒன்று அதையே மாட்டிறைச்சியில் செய்து பார்த்தது. 1952-ல் ஒசாகா நகரின் 'சுஎஹிரோ' உணவகமும் இதைப் பரிமாறத் தொடங்கியது. அதற்கு ஒரு பெயர் வேண்டுமே!

ஜப்பானிய உணவகங்களில் கை துடைக்க ஈரத்துண்டு கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளை ஊழியர் ஒருவர் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்ததை முதலாளி மியாகே சூயிச்சி பார்த்தாராம். அலசும் கையும், எழும் சத்தமும் இறைச்சியை அலசுவது போலவே இருந்தன. நமக்கு அது 'சளக் சளக்'. ஜப்பானியர் காதுக்கு 'ஷாபு ஷாபு'. பெயர் கிடைத்துவிட்டது!

சத்தச் சொற்கள் என்றால் ஜப்பானியருக்குக் கொள்ளை ஆசை. அங்கே நாய் 'வன் வன்' என்று குரைக்கும். பயத்தில் நெஞ்சு 'டோகி டோகி' என்று அடிக்கும்.

இறைச்சியும் காய்களும் தீர்ந்த பிறகும் யாரும் எழுந்துவிட மாட்டார்கள். அத்தனை ருசியும் இறங்கிய அந்தத் தண்ணீரை விடுவார்களா? 'உடோன்' என்ற தடித்த நூடுல்ஸையோ, சோற்றையோ அதில் போட்டுக் கொதிக்கவிட்டு, அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவார்கள்!