தீவகத்தில் பன்றி வளர்ப்பு: கிணற்றிலிருந்து தொடங்கும் கணக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தில் வீட்டளவில் பன்றி வளர்க்க விரும்புவோர், குட்டியின் விலையையும் இறைச்சியின் விலையையும் கணக்கிடுமுன் தம் வளவிலுள்ள கிணற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஆறுகளற்ற இத்தீவுகளில், மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதே வெடிப்புகள் வழியே கொட்டிலின் கழிவும் இறங்குமாயின், அதிலுள்ள நைதரசன் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறிக் கிணற்றைச் சேர்கின்றது. அந்நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

பன்றியின் இயல்பு சிறுதொழிலுக்கு ஏற்றதே. ஏறத்தாழ 114 நாள் சினைக்காலத்தின் பின் ஒரு தாய்ப்பன்றி 8 முதல் 10 குட்டிகள் வரை ஈனக்கூடும். லார்ஜ் வைட், லாண்ட்ரேஸ் முதலிய இனங்களின் கலப்புக் குட்டிகள் நல்ல தீனி பெற்றால் ஆறேழு மாதங்களில் 80 கிலோவை எட்டும். ஆயினும் செலவின் பெரும்பங்கு தீனிக்கே செல்வதால், தவிடும் புண்ணாக்கும் படகேறிச் சேரவேண்டிய நெடுந்தீவில் இலாபம் சுருங்குகின்றது. வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாத இவ்விலங்குக்கு நிழலும் தடையற்ற குடிநீரும் தேவைப்படுவதால், கிணறுகள் வற்றும் கோடையில் சிரமம் மேலும் கூடுகின்றது.

ஊர்காவற்றுறை போன்று கத்தோலிக்கர் வாழும் ஊர்களில் நத்தார் விற்பனையை எண்ணி ஆடியில் பால்மறந்த குட்டிகளை வாங்குவோர், பன்றிகள் பெரிதாக வளர்ந்து மிகுதியாகக் கழிவிடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே வடகீழ்ப் பருவமழையும் பெய்து கிணறுகளை நிரப்புகின்றது என்பதை உணரவேண்டும். எனவே சீமெந்துத் தளத்துடன், கூரையிட்ட எருக்குழியோ, கழிவைக் காற்றுப்புகாத் தொட்டியில் நொதிக்கவிட்டு அடுப்பெரிக்கும் வாயுவைப் பெறும் உயிர்வாயுக்கலனோ மழைக்கு முன்பே அமைந்திருத்தல் வேண்டும்.

இலங்கையில் 2024 இல் உறுதிசெய்யப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாதெனினும், சிகிச்சையற்றதாய்ப் பட்டியையே அழிக்கவல்லது. அதன் வைரசு இறைச்சி எச்சங்களிலும் உயிர்வாழ்வதால், சாப்பாட்டுக்கடைக் கழிவுகளை அரைமணி நேரமேனும் கொதிக்கவைக்காமல் ஊட்டுதல் ஆபத்தானது. புதிய குட்டிகளைத் தனித்து வைத்துக் கண்காணிப்பதும், ஐயமெழின் அரச கால்நடை வைத்தியருக்கு உடன் அறிவிப்பதும் கடமையாகும்.

இந்துக்களும் பௌத்தர்களும் வழிபடவரும் நயினாதீவு போன்ற இடங்களில் அயலாரின் உணர்வும் மதிக்கப்படவேண்டியதே. பிரதேச சபையையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கலந்து, அயலாரின் இணக்கத்தைப் பெற்று, இரண்டு குட்டிகளுடன் தொடங்கி, ஒரு மாரியைக் கிணறு கெடாமல் கடந்த பின்னரே பட்டியைப் பெருக்குவது தீவக மண்ணுக்குப் பொருந்திய வழியாகும்.